மாகறலுக்கு எத்தனை சிசி?

"அண்ணா, ஒன்ஃபிஃப்டி ஃபைவ் எடுக்கறதா, டூ ஹண்ட்ரட் எடுக்கறதா, இல்ல இன்னும் ஆறு மாசம் பொறுத்து த்ரீ நைன்ட்டியே எடுத்துடறதா?"

கேட்டவன் பக்கத்துத் தெருப் பையன். அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். மகன் தறியில் உட்காரவில்லை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மாகறலில் கோயிலுக்குப் போகிற வழியில் உள்ள டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, போனில் மூன்று வண்டிகளின் படத்தை மாற்றி மாற்றிக் காட்டினான். மூன்றும் நேக்கட் ரகம். முன்னால் ஃபேரிங் என்கிற பிளாஸ்டிக் முகமூடி கிடையாது. என்ஜின், டேங்க், ஹேண்டில்பார் எல்லாம் வெளியே தெரியும். ரேஸ் பைக் போல் குனிந்து படுக்க வேண்டாம், நிமிர்ந்து உட்காரலாம். ஊர் ரோட்டுக்கு ஏற்ற உட்காரும் வாகு அது.

இந்தக் கேள்விக்கு டீக்கடைகளில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். பெரியவர்கள் "மைலேஜைப் பாரு" என்பார்கள். நண்பர்கள் "எடுக்கறதுதான் எடுக்கற, பெருசா எடு" என்பார்கள். இரண்டுமே அவன் கேட்டதற்குப் பதில் இல்லை. அவசரம் இல்லையென்றால் இன்னொரு டீ சொல்லிவிட்டு ஆரம்பத்திலிருந்தே பார்க்கலாம் என்றேன்.

சிசி என்பது பலத்தின் அளவு அல்ல, இடத்தின் அளவு. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிற கன அளவு, அவ்வளவுதான். சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும் தெரிந்தால் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். யமஹா எஃப்இசட் வண்டியில் விட்டம் 57.3 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 57.9 மில்லிமீட்டர், கணக்குப் போட்டால் 149 சிசி. அதே கம்பெனியின் எம்டி-15 வண்டியில் விட்டம் 58, ஓட்டம் 58.7, அது 155 சிசி. இரண்டு சிலிண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எஃப்இசட் கொடுப்பது 12.4 குதிரைசக்தி. எம்டி கொடுப்பது 18.4.

"ஆறு சிசிக்கு ஆறு குதிரையா?" என்றான்.

இல்லை. அந்த ஆறு குதிரையும் வேறு இடத்திலிருந்து வருகின்றன. எஃப்இசட் என்ஜினுக்குக் காற்றே குளிர்ச்சி, வால்வு இரண்டு. எம்டி-க்கு ரேடியேட்டரும் நான்கு வால்வுகளும் உண்டு. நிமிடத்துக்கு 7,400 சுற்றைத் தாண்டியதும் உள்ளே வரும் காற்றுக்கான வால்வு அதிகமாகத் திறக்கும்படி மாறிக்கொள்கிற ஏற்பாடும் அதில் இருக்கிறது. அதனால் வேகமாகச் சுற்றும்போதும் அதற்கு மூச்சு முட்டுவதில்லை. எஃப்இசட் தன் முழுச் சக்தியை 7,250 சுற்றில் கொடுத்து முடித்துவிடுகிறது. எம்டி 10,000 சுற்று வரை போய்த்தான் கொடுக்கிறது.

இங்கேதான் டார்க், பவர் என்று விளம்பரத்தில் வருகிற இரண்டு எண்களையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தறி வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்வது சுலபம். அச்சுப் பலகையை ஒவ்வொரு தடவை இழுத்து அடிக்கும்போது கையில் இருக்கிற வலு ஒன்று. நிமிடத்துக்கு எத்தனை தடவை அடிக்கிறோம் என்பது இன்னொன்று. முதலாவது டார்க். இரண்டையும் பெருக்கி வருவது பவர். எஃப்இசட்டின் அதிகபட்ச டார்க் 13.3 நியூட்டன் மீட்டர், எம்டி-யுடையது 14.1. அடியின் வலு ஏறத்தாழ ஒன்றேதான். எம்டி வேகமாக அடிக்கிறது, அதனால் பவர் கூடுகிறது.

ஆனால் வேகமாக அடித்தால்தான் கூடுகிறது. ஊருக்குள் 4,000, 5,000 சுற்றில் உருட்டிக்கொண்டு போகும்போது அந்த ஆறு குதிரைகளும் லாயத்தில்தான் நிற்கும். இதைச் சொல்லாமல் ஷோரூமில் எண்ணை மட்டும் காட்டுகிறார்கள்.

சிசி கூடினால் வண்டி சீறும் என்ற நம்பிக்கைக்கு எதிர்ச்சாட்சி நம் பக்கத்திலேயே தயாராகிறது. ராயல் என்ஃபீல்டு வண்டிகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகின்றன. இந்தப் பையன் தினமும் போகிற அதே பக்கம். அவர்களுடைய ஹண்டர் 349 சிசி. பவர் சுமார் 20 குதிரைசக்தி. கேடிஎம் டியூக் 200, பெயரில் சொல்வதுபோல் 199.5 சிசி, பவர் 25. ஏறக்குறைய பாதி அளவு என்ஜின், ஐந்து குதிரை அதிகம்! ஆனால் ஹண்டருக்கு 27 நியூட்டன் மீட்டர் டார்க் 4,000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. டியூக் தன் 19 சொச்சத்தை 8,000 சுற்றில்தான் காட்டும். ஒன்று கீழேயே இழுக்கிற வண்டி, இன்னொன்று மேலே போய்ப் பாய்கிற வண்டி. யமஹா சில வருடங்கள் விற்ற எஃப்இசட் 25-உம் அப்படித்தான்: 249 சிசி, 20.8 குதிரை. காகிதத்தில் பார்த்தவர்கள் "டூ ஹண்ட்ரடை விடக் கம்மியா?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். ஓட்டியவர்களுக்கு அடிக்கடி கியர் மாற்றாமல் போகிற சுகம் பிடித்திருந்தது. அந்த வண்டி நிலைக்கவில்லை. நம் சந்தையில் காகிதம்தான் பெரும்பாலும் ஜெயிக்கிறது.

ஆக, எத்தனை சிசி என்று கேட்பதற்கு முன், உன் ரோடு உன் என்ஜினை எந்தச் சுற்றில் வைத்திருக்கப்போகிறது என்று கேட்க வேண்டும்.

அவன் ரோட்டை எடுத்துக்கொள்வோம். மாகறலிலிருந்து காஞ்சிபுரம் வரை உத்திரமேரூர் ரோடு. பஸ், லாரி, டிராக்டர், நெல் காயப்போட்ட ஓரம், சட்டென்று குறுக்கே வருகிற ஆடு. ஐம்பது, அறுபதுக்கு மேல் நிம்மதியாகப் போக முடியாது. பிறகு காஞ்சிபுரத்துக்குள் நெரிசல். முகூர்த்த மாதத்தில் காந்தி ரோட்டில் பட்டு வாங்க வந்த கார்களுக்கு நடுவே இரண்டாம் கியரில் ஊர்வதுதான் வேகம். அதன்பின் வாலாஜாபாத் தாண்டி ஒரகடம் போகிற அகலமான ரோடு. அங்கேதான் என்ஜின் கொஞ்சம் வாய் திறக்கும். வாரத்துக்கு ஒருமுறை நண்பர்களோடு மகாபலிபுரமோ ஏலகிரியோ போவானாம். வருடத்துக்கு எத்தனை தடவை நிஜமாகப் போவாய் என்று கேட்டதற்குச் சிரித்தான்.

இந்த மூன்று துண்டு ரோட்டில் முதல் இரண்டுக்குக் கீழ்ச்சுற்றில் இழுக்கிற குணம் வேண்டும். டியூக் 390 அங்கே இழுக்கும், அதில் சந்தேகமில்லை. 39 நியூட்டன் மீட்டர் டார்க். ஆனால் அதற்கு ஒரு கூலி இருக்கிறது, சூடு. பெட்ரோலில் இருக்கிற சக்தியில் கால்பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே வருகிறது. பெரிய என்ஜின் நின்ற இடத்திலும் அதிகமாகக் குடிக்கும், அதிகமாகக் கொதிக்கும். கத்திரி வெயிலில் சிக்னலில் நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன் ஓடினால் அந்தக் காற்று வருவது ஓட்டுகிறவனின் முழங்காலுக்குத்தான். ஃபேரிங் இல்லாத வண்டியில் திசை திருப்பிவிட ஒன்றும் கிடையாது.

"அதுவும் சரிதான். ஆனா ஹைவேல நூத்தி அறுபது போகும்ணா."

போகும். எவ்வளவு நேரம் போவாய் என்பதுதான் விஷயம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. அதை வெல்லத் தேவையான பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. இருமடங்கு வேகம் வேண்டுமென்றால் எட்டு மடங்கு பவர் வேண்டும். எம்டி-யின் 18.4 குதிரையிலிருந்து டியூக் 390-இன் 46 குதிரைக்குப் போனால் பவர் இரண்டரை மடங்கு. அதனால் உச்ச வேகத்தில் கிடைப்பது, கணக்குப்படி, மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் கூடுதல். அந்தக் கூடுதலை அனுபவிக்க வேண்டிய நேரத்தில் உன் நெஞ்சே பாய்மரமாக இருக்கும். நூறைத் தாண்டினால் கழுத்து வலிக்கத் தொடங்கும். நூற்றிருபதில் அரை மணி நேரம் போனவர்கள் மறுநாள் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதில்லை. நேக்கட் வண்டியில் பெரிய என்ஜினை வாங்குவது உச்ச வேகத்துக்காக என்றால் அது தவறான வண்டி.

பின் எதற்குத்தான் பெரிய என்ஜின்? ஓவர்டேக்குக்கு. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

உத்திரமேரூர் ரோட்டில் ஒரு பஸ் அறுபதில் போகிறது. நீ எண்பதில் தாண்டுகிறாய். பஸ்ஸின் நீளம், பின்னால் விட்ட இடைவெளி, முன்னால் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து நாற்பது மீட்டர் என்று வைப்போம். வேக வித்தியாசம் இருபதுதான், அதாவது விநாடிக்கு ஐந்தரை மீட்டர். தாண்டி முடிக்க ஏழு விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் நீ 160 மீட்டர் போயிருப்பாய். எதிரே அறுபதில் வருகிற லாரி 120 மீட்டர் வந்திருக்கும். மொத்தம் 280 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். அதே பஸ்ஸைத் தொண்ணூறில் தாண்டினால் ஐந்து விநாடிகூட ஆகாது; 200 மீட்டர் போதும். எதிர்ப்பக்கத்தில் இருக்கிற நேரத்தைக் குறைப்பதுதான் என்ஜின் செய்கிற உண்மையான உபகாரம். அறுபதிலிருந்து தொண்ணூறுக்கு எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதில் 150-க்கும் 200-க்கும் நல்ல வித்தியாசம் தெரியும். 200-லிருந்து 390-க்கும் தெரியும். ஆனால் இரண்டாவது தாவலில் வேறொன்றும் சேர்ந்து வருகிறது. 280 மீட்டர் இல்லாவிட்டாலும் போய்விடலாம் என்கிற துணிச்சல் அது.

சின்ன என்ஜினிலும் இதற்கு வழி உண்டு. இரண்டு கியர் குறைத்துவிட்டு ஏற வேண்டும். எம்டி மாதிரி வண்டியை ஆறாம் கியரில் ஐம்பதில் வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கி, "பிக்கப்பே இல்லை" என்று திட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்த என்ஜினின் வீடு மேல்மாடியில் இருக்கிறது. படியேறிப் போகாமல் கதவைத் தட்டினால் எப்படி?

இப்போது காசு. இந்தியாவில் சிசி என்பது என்ஜினியர் வகுத்த கோட்டை விட அரசாங்கம் போட்ட கோடுகளால்தான் அதிகம் தீர்மானமாகிறது. 125, 150, 350 என்று மூன்று கோடுகள். 125-ஐத் தாண்டினால் ஏபிஎஸ் கட்டாயம். 2019 ஏப்ரலிலிருந்து அப்படி. 150-உம் 350-உம் இன்சூரன்ஸில் வருகின்றன. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022-இல் நிர்ணயித்த விகிதப்படி, 150 சிசி வரை வருடத்துக்கு 714 ரூபாய்; 350 வரை 1,366; அதற்கு மேல் 2,804. புதிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கும் சேர்த்து முதலிலேயே கட்ட வேண்டும் என்பதால் அது முறையே 3,851, 7,365, 15,117 ஆகிறது. 149 சிசி எஃப்இசட்டுக்கும் 155 சிசி எம்டி-க்கும் நடுவே இந்தக் கோடு ஓடுகிறது. அந்த ஐந்தாறு சிசிக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். 149, 349 என்கிற எண்கள் இவ்வளவு ஒட்டி வந்து நிற்பதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

பெரிய கோடு 350. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, முன்பு செஸ் சேர்த்து 31 ஆக இருந்தது, 40 ஆனது. வரிக்கு முன் இரண்டு லட்சம் என்று ஒரு வண்டியை வைத்துக்கொள்: கோட்டுக்கு இந்தப் பக்கம் 2,36,000, அந்தப் பக்கம் 2,80,000. அதன் மேல் தமிழ்நாட்டில் சாலை வரி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 12 சதவீதம். கம்பெனி சில சமயம் ஏற்றத்தைத் தானே கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். எப்போதும் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். டியூக் 390 முதலில் 373 சிசி. 2023-இல் பிஸ்டன் ஓட்டத்தை 60 மில்லிமீட்டரிலிருந்து 64 ஆக நீட்டி 399 ஆக்கினார்கள். அன்று அது பாராட்டப்பட்ட வேலை. இன்று இரண்டுமே கோட்டுக்கு அந்தப் பக்கம்தான்.

டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 310 இதில் புத்திசாலி இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஓசூர்க் கம்பெனியின் வண்டி. 312 சிசி, 35.6 குதிரை, 2023 செப்டம்பரில் வந்தது. கோட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு 390-க்கு அருகில் போகிறது. காசு ஒத்துவந்தால், இந்தப் பையன் 390 என்று சொல்லும்போது நிஜமாக ஆசைப்படுவது இந்த ரகத்தைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

பெட்ரோலை விட்டுவிட்டேன். அவன் நாளொன்றுக்கு எண்பது கிலோமீட்டர் ஓட்டுகிறான். மாதத்துக்கு இரண்டாயிரம் வரும். லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டிக்கும் 28 கொடுக்கிற வண்டிக்கும் மாதம் 27 லிட்டர் வித்தியாசம். டியூ கட்டுகிறவன் இதையும் டியூவோடு சேர்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

காசை விட எனக்கு உறுத்துகிற விஷயம் லைசென்ஸ். சிங்கப்பூரில் நம் ஆட்கள் பலர் பைக் ஓட்டுகிறார்கள். அங்கே 2பி என்கிற லைசென்ஸ் 200 சிசி வரை. ஒரு வருடம் அதில் ஓட்டிய பிறகுதான் 400 வரைக்குமான 2ஏ-வுக்குப் போகலாம். அதிலும் ஒரு வருடம் கழித்துத்தான் அதற்கு மேல். ஐரோப்பாவில் 125 சிசியில் ஒரு படி, 35 கிலோவாட் பவரில் அடுத்த படி. கிட்டத்தட்ட 47 குதிரை அது. டியூக் 390-இன் 46 குதிரை அந்த இரண்டாம் படிக்குள் கச்சிதமாக அடங்குகிறது. அங்கே அது இரண்டாம் படி லைசென்ஸ் எடுத்தவர்கள் ஓட்டுகிற வண்டி. இங்கே பதினெட்டு வயது முடிந்து, கியர் வண்டி லைசென்ஸ் கையில் வந்த அன்றே ஆயிரம் சிசி எடுத்தாலும் கேட்பாரில்லை. இவன் இதுவரை ஓட்டியது அப்பாவின் நூறு சிசி வண்டி. எட்டுக் குதிரையிலிருந்து நாற்பத்தாறுக்கு ஒரே தாவல். 2பி எடுக்கிறவனைப் போல 200-க்குள் ஒரு வருடம் இரு என்று சொன்னேன், சட்டம் சொல்லாவிட்டாலும்.

ஏபிஎஸ் கட்டாயம் என்றேன், ஆனால் எல்லா ஏபிஎஸ்ஸும் ஒன்றல்ல. சில வண்டிகளில் முன் சக்கரத்துக்கு மட்டும் உண்டு. இரண்டு சக்கரத்துக்கும் உள்ளதை டூயல் சேனல் என்கிறார்கள். ஆடு குறுக்கே வரும்போது நாம் பதறி மிதிப்பது பின் பிரேக்கை. கையில் இருக்கிற கூடுதல் பத்தாயிரத்தை அடுத்த நாற்பது சிசிக்குக் கொடுப்பதை விட இரண்டாவது சேனலுக்குக் கொடுப்பது நல்லது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

பின்சீட்டைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை. நேக்கட் ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் பின்சீட்டு பெயருக்குத்தான் இருக்கும். உயரம் அதிகம், அகலம் குறைவு. அவன் அப்பா நெய்து முடித்த சேலையை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போவது இந்த வண்டியில்தான் என்றால், மடியில் பட்டோடு அந்தச் சீட்டில் அவர் எப்படி உட்காருவார்? அம்மா ஒருபக்கமாகத்தான் உட்காருவார். பின்னால் உட்காருகிறவருக்குப் பிடிமானம், கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற தடுப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. அழகாக இல்லை என்று வாங்கிய வாரமே சேலைத் தடுப்பைக் கழற்றிப் போடுகிற பழக்கம் பட்டு நெய்கிற ஊரில் இருப்பது வேடிக்கைதான்.

"அப்போ நீங்க என்னதான் சொல்றீங்க?"

155-இலிருந்து 200-க்குள், டூயல் சேனல் ஏபிஎஸ்ஸோடு. மற்றவற்றை விடக் கொஞ்சம் கீழ்ச்சுற்றிலேயே இழுக்க வேண்டும் என்றால் அப்பாச்சி 200 4வி மாதிரி, 17 நியூட்டன் மீட்டரை 7,250 சுற்றில் கொடுக்கிற, எண்ணெயால் குளிர்கிற அமைதியான என்ஜின். மேலே போய்ப் பாய்வதுதான் சந்தோஷம் என்றால், கியர் மாற்றச் சலிக்காத ஆள் என்றால், எம்டி-யோ டியூக் 200-ஓ. வருடம் ஒன்று ஓடி, அப்போதும் ஹைவேயில் போதவில்லை என்று தோன்றினால் 310 பக்கம் போகலாம். 200-ஐ விற்றால் நல்ல விலை போகும். 250 டியூக்கும் 31 குதிரையோடு நடுவில் இருக்கிறது.

டெஸ்ட் ரைடில் எல்லோரும் செய்வது, ஷோரூம் வாசலிலிருந்து முதல் கியரில் சீறிக் கிளம்புவது. அதில் எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். நாலாம் கியரில் நாற்பதில் நிதானமாகப் போய், கியர் குறைக்காமல் ஆக்ஸிலேட்டரைத் திற. இழுக்கிறதா, தட்டுகிறதா என்று கேள். எண்பதில் ஒரு நிமிடம் நிலையாக வைத்து, கால் வைக்கும் இடத்திலும் ஹேண்டிலிலும் நடுக்கம் எவ்வளவு என்று பார். பிறகு நிறுத்தி, இரண்டு காலும் தரையில் முழுசாகப் படுகிறதா என்று பார். டியூக் 200-இன் சீட்டு உயரம் 822 மில்லிமீட்டர், எம்டி-யுடையது 810. கடைசியாக, அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து அதே நாலாம் கியர் சோதனையை இன்னொரு தடவை செய்.

"அப்பாவை ஷோரூமுக்கா?" என்றான். தறியை விட்டு ஒரு மணி நேரம் வரச் சொல்வதுதான் இதில் கஷ்டமான வேலை என்று அவனுக்கும் தெரியும். விலை கேட்கும்போது ஆன்-ரோடு கணக்கைத் தாளில் பிரித்து எழுதி வாங்கச் சொன்னேன். ஐந்து வருட இன்சூரன்ஸ், சாலை வரி, வேண்டாமலே சேர்த்த பொருள்கள் என்று ஒவ்வொன்றும் தனி வரியில்.